காப்பவளைக் காப்பவர் யார்?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும், பாரிசவாதத்தாற் படுக்கையில் விழுந்த முதியோர் பலர் வீட்டிலேயே பராமரிக்கப்படுகின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பணம் அனுப்புகின்றனர். ஆனால், பராமரிக்கும் கை யாருடையது? தலவாக்கலையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வந்த ஏழைப் பெண்ணினுடையது. சில வேளை, வன்னியில் வயல் செய்யும் கமக்காரனின் மகளுடையது.

படுக்கைப்புண் வாராதிருக்க நோயாளியை இரண்டு மணிக்கொருதரம் புரட்ட வேண்டும் என்பது மருத்துவர் வழமையாகக் கூறுவது. இரவு 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி. அவள் உறங்குவது எப்போது? விடிந்ததும் அதே பெண்தான் இன்சுலின் அளந்து ஏற்றவேண்டும்; தன்னிலும் பாரமான உடலைத் தனியே தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதுகு முறிந்தால் ஊருக்கு அனுப்பிவிட்டு வேறொருத்தியை அழைப்பர். உறக்கமற்ற கையில் அளவு பிசகினாலோ, பழி அவள்மேல்! "எங்கள் பிள்ளைபோல் வைத்திருக்கின்றோம், தீபாவளிக்குச் சேலையும் கொடுக்கின்றோம்" என்பாருளர். பெற்ற பிள்ளையை இப்படி ஓரிரவேனும் விழிக்க வைப்பரோ?

சட்டம் என்ன செய்தது? 1871ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சி வேலைக்காரரைப் பதியும் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. வேலைக்காரரின் பெயரைப் பொலிசாரின் பதிவேட்டில் ஏற்றுவதே அதன் கவலை. அவரது உறக்கத்தைப்பற்றியோ ஊதியத்தைப்பற்றியோ அதற்குக் கவலையில்லை. 140 ஆண்டுகள் கழிந்து, 2011இல், சர்வதேசத் தொழில் அமைப்பு வீட்டு வேலையாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டுமென்று உடன்படிக்கை செய்தது. அந்த ஓய்வைக் கொடுப்பதற்கு நம் வீட்டுத் தலைவர்கள் கொழும்பிலே ஒரு சட்டம் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

இன்னொன்று கேட்கின்றோம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேற் குளிசை வாரத்தில் ஒரு முறை மட்டும் விழுங்கற்பாலது. தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால், குருதி ஊறும் எலும்பு மச்சையே அழிந்து உயிர் போகும். இந்த வேறுபாடு மருந்துத் துண்டிலே ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்டிருக்கின்றது. கையிலே துண்டை வைத்திருப்பவளுக்கோ தமிழ் மட்டுமே தெரியும். 1956 ஜூன் 5ஆம் நாள் காலிமுகத்திடலில் அடிபட்டு இரத்தம் சிந்தியது மொழிக்காகவன்றோ? 1987இல் தமிழும் அரசகரும மொழி என அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆயினும், மேடையிலே மொழியுரிமை முழங்கும் வெள்ளவத்தை வைத்தியரும் சட்டத்தரணியும் தம் தாயின் குளிசைப் பெட்டியிலே தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டினார்களா? பாவித்த ஊசியைக் குப்பைப் பையில் வீசாது கெட்டியான போத்தலில் இடும்படி ஒரு முறையேனும் சொல்லிக் கொடுத்தார்களா? மாநகரசபைத் தொழிலாளியின் விரலும் விரல்தானே!

நோயாளியின் பாதுகாப்பு வேறு, பணிப்பெண்ணின் பாதுகாப்பு வேறு எனப் பிரித்துப் பேசுவது அறியாமை. இரவுக்கு இன்னொரு கை வேண்டும். செலவாகும் என்பீர்களாயின், கனடாவிலுள்ள மூன்று பிள்ளைகளும் அதைப் பங்கிட்டுக் கொள்ளட்டும். "கிழமைக்கு ஒரு முறை மட்டும்" என்று குளிசைப் பெட்டியில் எழுத மருந்துக்கடைக்காரருக்கு எத்தனை விநாடி செல்லும்?