விற்ற கேமைத் திரும்பப் பிடுங்கும் வியாபாரம்

பெட்டிக்குள் இருந்த ஆக்டிவேஷன் குறியீடு 2099ஆம் ஆண்டுவரை செல்லும் என்று போட்டிருந்தது. கேமோ 2024இலேயே செல்லாக்காசாகிவிட்டது. பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் மீது கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்த கேமர்கள், தங்கள் தரப்புக்கு ஆதாரமாக நீதிமன்றத்தில் காட்டியவற்றில் இதுவும் ஒன்று.

கேமின் பெயர் ‘தி க்ரூ’. 2014 டிசம்பரில் வெளியானது. அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை சுருக்கி வரைந்து, அதில் இஷ்டம்போல் கார் ஓட்ட விட்டிருந்தார்கள். நண்பர்களோடு பந்தயம் விடலாம். தனியாக ஆடுவதற்கென்று ஒரு கதையும் உண்டு. 1.2 கோடிப் பேர் ஆடியதாக யூபிசாஃப்டே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. ஆனால், தன்னந்தனியாக ஆடினாலும் அந்த நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தே ஆக வேண்டும். சர்வர் கட்டமைப்பு, உரிமச் சிக்கல் என்று காரணம் சொல்லி 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அத்தோடு விட்டிருந்தால்கூட வாங்கியவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். சில நாள்களிலேயே, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து கேமின் உரிமத்தையும் நீக்கத் தொடங்கினார்கள். காசு கொடுத்து வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த டிஸ்க், வெறும் வட்டத் தகடாக மிஞ்சியது.

வழக்கில் யூபிசாஃப்ட் சொன்ன பதில் சட்டப்படி வலுவானது, வியாபார நேர்மைப்படி விசித்திரமானது. வாடிக்கையாளர்கள் வாங்கியது கேமை அல்ல, அதை ஆடுவதற்கான உரிமத்தைத்தான். அது பெட்டியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றது நிறுவனம். பெரிய கேம் நிறுவனங்கள் எல்லாவற்றின் ஒப்பந்தங்களிலும் இந்த வரி இருக்கிறது. கிரயம் என்று பேசிப் பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்து வாங்கும்போது குத்தகைச் சீட்டை நீட்டுவது போன்றது இது. அதிலும் குத்தகைச் சீட்டில் காலக்கெடு இருக்கும். இதில் அதுவும் கிடையாது.

வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கும் பெரும் வெளியீட்டு நிறுவனங்களுக்கும் இடையிலான சண்டையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிறுபிள்ளைகளின் அடம் என்றே எண்ணுவதுண்டு. விலை கூடிவிட்டது, கதை பிடிக்கவில்லை, பழைய பாகம்போல் இல்லை என்கிற புலம்பல்கள் அதில் நிறைய உண்டு என்பதும் உண்மைதான். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கடந்த 10, 15 ஆண்டுகளில் வெடித்த பெரிய சண்டைகள் அனைத்துக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது. முழு விலையும் கொடுத்தபின் அந்தப் பொருளின் மீது யாருக்கு அதிகாரம்?

2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘சிம்சிட்டி’ கேமைப் புதுப்பித்து வெளியிட்டது. ஊரைத் திட்டமிட்டு, சாலை போட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து நகரமாக வளர்க்கும் கேம். தலைமுறை தலைமுறையாகத் தனியாக உட்கார்ந்து ஆடிவந்த ஒன்று. புதிய பதிப்பு மட்டும் எப்போதும் ஆன்லைனில் இருந்தாக வேண்டும் என்றார்கள். வெளியான அன்றே சர்வர்கள் திணறின. வாங்கியவர்களால் பல நாள்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. அமேசான் தளம் டவுன்லோட் விற்பனையைச் சில காலம் நிறுத்தியே வைத்தது. நகரத்தின் கணக்கீடுகளில் கணிசமான பங்கு சர்வரில் நடக்கிறது, ஆஃப்லைனில் ஓட வைப்பது லேசான வேலை அல்ல என்று நிறுவனத் தரப்பில் விளக்கம் வந்தது. இணைப்பைத் துண்டித்தும் கேம் ஓடுகிறது என்று வெளியாள் ஒருவர் சில நாள்களிலேயே செய்து காட்டினார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், ஆஃப்லைன் வசதியை நிறுவனமே கொடுத்தது.

‘தொழில்நுட்பரீதியாக முடியாது’ என்று ஒரு கேம் நிறுவனம் சொல்லும்போது கேமர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

அதே நிறுவனம் 2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2’ கேமுடன் வந்தபோது சண்டை வேறு உருவம் எடுத்தது. 60 டாலர் அடிப்படை விலை. சிறப்புப் பதிப்பு என்றால் 80 டாலர். அவ்வளவு கொடுத்தும் அக்கதையின் வில்லன் டார்த் வேடராக ஆட முடியாது. அவரைத் திறக்க 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு கதாபாத்திரத்துக்கே சுமார் 40 மணிநேரம் ஆட வேண்டியிருக்கும் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். இன்னொரு பக்கம், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ‘லூட் பாக்ஸ்’ பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கி வேகமாக முன்னேறவும் வழி வைத்திருந்தார்கள். ரெட்டிட் தளத்தில் ஒருவர் இதை முறையிட, உழைத்துத் திறக்கும்போது கிடைக்கும் பெருமிதத்தையும் சாதனை உணர்வையும் வீரர்களுக்குத் தருவதே நோக்கம் என்று நிறுவனத்தின் கணக்கிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர்வாக்குகள் 6.83 லட்சம். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை அது. ஒரு வகையில் பெருமிதம்தான்.

கேம் வெளியாவதற்கு முன்தினம் இந்தப் பெட்டிகளைக் காசுக்கு விற்கும் ஏற்பாட்டை நிறுவனம் தற்காலிகமாக நிறுத்தியது. விஷயம் அங்கே ஓயவில்லை. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது. 2019 தொடக்கத்தில் ‘ஃபிஃபா’ கால்பந்து கேமில் இத்தகைய பெட்டிகளை வாங்குவதற்கான புள்ளிகளின் விற்பனையை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அங்கே நிறுத்த நேர்ந்தது. அதே ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன்பு வந்த அந்நிறுவன அதிகாரி, இவை சூதாட்டமல்ல, ‘வியப்பூட்டும் அம்சங்கள்’ என்றார். பொம்மை வைத்த கிண்டர் சாக்லேட் முட்டையைத் துணைக்கு அழைத்தார். கிண்டர் முட்டை வாங்கும் குழந்தைக்குக் கையில் சாக்லேட்டாவது மிஞ்சும் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும்.

2024 மே மாதச் சண்டை இலங்கைவரை நீண்டது. சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேம் அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. கணினியில் ஆடுகிறவர்களும் இனி பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று திடீரென்று சோனி அறிவித்தது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சேவை இல்லாத நாடுகளிலும் கேம் விற்கப்பட்டிருந்தது. பிலிப்பைன்ஸ், எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, இலங்கை என்று பட்டியல் நீண்டது. 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் ஸ்டீம் என்ற இணையக் கடையிலிருந்து கேம் காணாமல்போனது. முறையாகக் காசு கொடுத்து வாங்கிய ஒருவர், வாழும் நாட்டின் காரணமாகவே வெளியே தள்ளப்படும் நிலை. ஒரே வாரக் கடைசியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. சோனி சில நாள்களிலேயே முடிவைக் கைவிட்டது.

இந்தச் சண்டைகளில் எல்லாம் கேமர்கள் வென்றதற்குக் காரணம், அந்த கேம்கள் அப்போது சூடாக விற்றுக்கொண்டிருந்தன என்பதே. விற்பனை விழுந்தால் நிறுவனம் இறங்கி வரும். 10 வயதான, விற்பனை முடிந்துபோன ‘தி க்ரூ’ போன்ற கேமுக்கு அந்தப் பலம் இல்லை. எதிர்மறை விமர்சனம் எழுதி எதைக் கெடுக்க முடியும்?

அதனால்தான் ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் சட்டத்தின் பக்கம் திரும்பினார். பழைய கேம்களைப் பற்றி யூடியூபில் காணொளி போட்டுவந்த அவர், 2024 ஏப்ரலில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் மனு ஒன்று அந்த ஆண்டு ஜூலை கடைசியில் தொடங்கியது. ஓராண்டுக்குள் 10 லட்சம் கையெழுத்து வேண்டும். 2025 ஜூன் வரை பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று ஸ்காட் வெளிப்படையாகச் சொல்லி ஒரு காணொளி போட்டார். அதற்குப் பிறகுதான் வெள்ளம் வந்தது. ஜூலை 3 அன்று 10 லட்சத்தைத் தாண்டி, மாதக் கடைசியில் 14 லட்சத்தைக் கடந்தது.

அந்த மனு கேட்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். சர்வர்களை என்றென்றைக்கும் நடத்து என்று அது கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும்போது, விற்ற கேமை ஏதோ ஒரு வகையில் ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறது. தனியாக ஆட ஒரு வசதி, அல்லது விரும்புகிறவர்கள் சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ள ஒரு வழி. அவ்வளவுதான்.

இதற்கு, ‘வீடியோ கேம்ஸ் யூரோப்’ என்ற தொழில் கூட்டமைப்பு எழுப்பிய ஆட்சேபங்கள் முழுக்க அற்பமானவை அல்ல. தனியார் சர்வர்களில் பயனர்களின் தகவல்களுக்கோ, சிறார்களின் பாதுகாப்புக்கோ யார் பொறுப்பு? தொடக்கத்திலிருந்தே ஆன்லைனுக்காக மட்டும் வடிவமைத்த கேமைப் பிற்பாடு மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை இல்லையா? இரண்டுமே நியாயமான கேள்விகள். கார் நிறுவனங்களிடமும் இசைக் கலைஞர்களிடமும் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிய உரிமங்கள் முடிந்துபோவதும் நிஜமான சிக்கலே. ஆனால், உரிமம் முடிந்தால் புதிதாக விற்பதுதான் தடைபட வேண்டும். ஏற்கெனவே விற்றதை ஏன் பிடுங்க வேண்டும்? ஒரு பாட்டின் உரிமம் முடிந்துவிட்டதென்று யாரும் வீடு வீடாக வந்து பழைய கேசட்டைக் கேட்டதில்லை.

முடியாது என்பதற்கு எதிரான சாட்சிகளும் தொழிலுக்குள்ளேயே இருக்கின்றன. ‘நாக்அவுட் சிட்டி’ என்ற கேமை நடத்த முடியாமல் 2023 ஜூனில் மூடிய வேலன் ஸ்டுடியோஸ், ஆடுகிறவர்களே சர்வர் நடத்திக்கொள்ளும் கணினிப் பதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் கடையைக் கட்டியது. அது பெரிய நிறுவனமல்ல. 2012இல் என்சிசாஃப்ட் மூடிய ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ கேமை ரசிகர்கள் ரகசியமாக உயிரோடு வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்தக் குழுக்களில் ஒன்றுக்கு நிறுவனமே முறைப்படி உரிமம் வழங்கியது. வானம் இடிந்து விழவில்லை. சோனியிடமே ஒரு நல்ல உதாரணம் உண்டு. ‘கான்கார்ட்’ கேம் 2024 ஆகஸ்டில் வெளியாகி இரண்டே வாரத்தில் மூடப்பட்டபோது, வாங்கியவர்கள் அனைவருக்கும் முழுப் பணத்தையும் சோனி திருப்பிக் கொடுத்தது. படுதோல்வி அடைந்த கேமில் காட்டிய கண்ணியத்தை, விற்றுத் தீர்ந்த கேமில் காட்டத்தான் நிறுவனங்களுக்கு மனம் வருவதில்லை.

கேமர்கள் தரப்பிலும் ஒரு கறை இருக்கிறது. கோபம் தலைக்கேறும்போது அது முதலாளியைத் தேடிப் போவதில்லை. எக்ஸ் தளத்தில் கைக்கெட்டும் புரோகிராமரையும் ஓவியரையும்தான் வசைபாடுகிறது. அவர்களில் பலர் அதே முதலாளிகளின் பேரேட்டுக் கணக்கில் அடிபடுகிறவர்கள். ‘ஹை-ஃபை ரஷ்’ கேமின் அனிமேஷனுக்கு 2024 ஏப்ரலில் பாஃப்டா விருது கிடைத்தது. அடுத்த மாதமே அதை உருவாக்கிய டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்க 6,870 கோடி டாலர் செலவிட்டு ஓராண்டுகூட ஆகாத நேரம் அது.

சட்டம் மெல்ல அசைகிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டம், கொடுப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற பொத்தானை வைக்கக் கூடாது என்கிறது. அதற்கு முன்பே ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. நல்லதுதான், ஆனால் போதாது. திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுப்பதற்கு மட்டுமே இது வழிசெய்கிறது. எப்போது எடுப்பார்கள் என்பதையாவது சொல்ல வைத்திருக்கலாம். குறைந்தது இந்தத் தேதிவரை சர்வர் நடக்கும் என்று விலைக்குப் பக்கத்திலேயே போடட்டும். 60 டாலர் கொடுக்கலாமா, 10 டாலர் போதுமா என்பதை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 2025 நவம்பர் 3 அன்று நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. நுகர்வோர் சட்டத்தை மாற்றும் எண்ணமில்லை என்றே அரசு சொன்னது.

யூபிசாஃப்டோ ஒரு காரியம் செய்தது. ‘தி க்ரூ 2’ கேமுக்கு 2025 அக்டோபரில் ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது. முதல் கேமை வாங்கியவர்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அதற்கு முந்தைய மாதமே, நிறுவனத்தின் தயவை எதிர்பார்க்காமல் ரசிகர்கள் சிலர் தாங்களே உருவாக்கிய ‘தி க்ரூ அன்லிமிடெட்’ மாற்று சர்வரை வெளியிட்டார்கள். ஒன்றரை ஆண்டாக முடங்கிக் கிடந்த கேம் அதில் மீண்டும் ஓடுகிறது.