பசியாறுவதற்கு முன் ஒரு குன்று

மாணவர்களே, ‘பிரன்ச்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவில், முற்பகல் பத்து பதினொரு மணிக்குச் சாப்பிடுவதற்கு அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுபவர்களுக்கு இப்படி ஒரு சாப்பாடு வேண்டும் என்று 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கட்டுரையில் வாதாடினார். இன்று கோலாலம்பூரில் அது உடற்பயிற்சியோடு கைகோத்துக்கொண்டது. ஞாயிறு காலையில் சில சாலைகளைக் கார்களுக்கு மூடிவிடுகிறார்கள். மக்கள் ஓடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். பிறகு நண்பர்கள் கூடி ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். படங்கள் கைப்பேசியில் வலம் வருகின்றன.

ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் இருக்கும் உங்களுக்கு, ‘இதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்கு’ என்று தோன்றலாம். என் கருத்து நேர்மாறானது. உடல் உழைத்த பின் முற்பகலில் கூடி உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. அதை நாம் தொலைத்துவிட்டோம். தொலைத்ததன் விலை நம் இரத்தத்தில் சர்க்கரையாக ஏறிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்துக் கணக்கு

ரப்பர் காலத்தில் உங்கள் பாட்டி, தாத்தா வேலைக்குப் புறப்பட்ட நேரத்தை வீட்டில் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. வெளிச்சம் வரும் வேளையில் நிரையில் இறங்கி மரம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். இதற்கு அறிவியல் காரணம் உண்டு. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேறும். குழாய்களில் அழுத்தம் குறையும். பால் வரத்தும் குறைந்துவிடும்.

ஒருவர் ஒரு நாளில் சுமார் 500 மரங்கள் வெட்டுவார். மரத்துக்கு மரம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு 2 கிலோமீட்டர். மங்குகளில் வடிந்த பாலை எடுக்க மறுபடியும் 2 கிலோமீட்டர். வீட்டிலிருந்து நிரைக்குப் போகிற வழியும், மேடு பள்ளங்களும், காண்டா கட்டிப் பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் தூரமும் தனி. மரம் வெட்டி முடித்து, பால் வடிவதற்காகக் காத்திருக்கும் வேளையில்தான் பலர் கொண்டுபோன தூக்கைத் திறந்து பசியாறினார்கள். உழைப்பு முன்னே, சாப்பாடு பின்னே. இதற்கு யாரும் ‘பிரன்ச்’ என்று பெயர் வைக்கவில்லை.

அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. குறைந்த கூலிக்கு வேறு வழியில்லாமல் செய்த வேலை அது. பிள்ளைகளாவது நிழலில் உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்றுதான் அவர்கள் உங்கள் பெற்றோரைப் படிக்க வைத்தார்கள். அந்த ஆசை நிறைவேறியது. நாம் உட்கார்ந்துவிட்டோம். ஆனால் தட்டு மட்டும் அன்று போலவே நிறைந்திருக்கிறது. பல வீடுகளில் எண்ணெயும் சீனியும் அன்றைவிடக் கூடியிருக்கின்றன.

உட்கார்ந்தவர்களும் ஏறி இறங்கியவர்களும்

உட்காருவதால் என்ன ஆகும் என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டனின் மாடிப் பேருந்துகளில் அவர் இரண்டு வகை ஊழியர்களை ஒப்பிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏறுவார். 1953இல் வெளிவந்த முடிவு: நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு.

ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலிலேயே பருமனாக இருந்திருக்கலாமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. மோரிசும் அதையே கேட்டார். ஊழியர்களின் சீருடை அளவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலையின் தொடக்கத்திலேயே பெரிதாக இருந்ததைத் தாமே கண்டு 1956இல் வெளியிட்டார். ஆனால் மற்ற வேலைகளிலும், பல நாடுகளிலும் பின்னர் நடந்த ஆய்வுகள் அடிப்படை முடிவை உறுதிசெய்தன. அசைகிற உடலில் நோய் குறைகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாம் வீட்டில் ‘இனிப்புநீர்’ என்று சொல்கிறோமே, அதுதான். முக்கிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஒரே எடையுள்ள இருவரில், தெற்காசிய வம்சாவளியினரின் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும் போக்கு உள்ளது. மரபணுவை நாம் மாற்ற முடியாது. ஞாயிறு காலையை மாற்றலாம்.

ஒரு ரொட்டி, ஒரு குன்று

இங்கே ஒரு தவறான கணக்கை உடைக்க வேண்டும். ‘ஒரு மணி நேரம் நடந்துவிட்டேன், இனி எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்பது அந்தக் கணக்கு.

50 கிலோ எடையுள்ள மாணவர் ஒரு மணி நேரம் விரைவாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது. இரண்டு ரொட்டியும், கெட்டிப்பால் கலந்த ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டால், நடந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். கெட்டிப்பாலில் பாதிக்குச் சற்று மேல் சீனிதான்.

அப்படியென்றால் நடந்தது வீணா? இல்லை. உடற்பயிற்சியின் பெரிய பலன் கலோரியை எரிப்பதில் இல்லை. தசை சுருங்கி விரியும்போது, இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை அது தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதற்கு இன்சுலினின் உதவிகூடக் கட்டாயமில்லை. பயிற்சி முடிந்த பிறகும் தசைகள் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கின்றன. இந்தப் பலன் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும்.

ஆகவே நடந்துவிட்டுச் சாப்பிடுங்கள், சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் நடங்கள். தட்டைப் பொறுத்தவரை நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ போதும். கால் பங்கு சோறு, ரொட்டி போன்ற மாவுப்பொருள், கால் பங்கு புரதம், பாதித் தட்டு காய்கறியும் பழமும். ஆவியில் வெந்த இட்லி, சாம்பார், ஒரு முட்டை, வெள்ளரிக்காய், பப்பாளித் துண்டுகள், சீனி குறைந்த தேநீர். கஃபேயில் விலை கொடுத்து வாங்கும் பிரன்ச்சுக்கு இது எந்த வகையில் குறைந்தது?

வார இறுதி மட்டும் போதுமா?

வாரம் முழுக்க வேலை, சனி ஞாயிறில் மட்டும் பயிற்சி என்று இருப்பவர்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 63,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பயிற்சியே இல்லாதவர்களைவிட, வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் பயிற்சி செய்தவர்களின் இறப்பு அபாயம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆக, வார இறுதி என்பது ஏமாற்று வேலை அல்ல.

ஆனால் அவை பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகள். உங்கள் வயதுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வேறு. 5 முதல் 17 வயது வரை, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது மூச்சு வாங்கும் அளவு பயிற்சியும், தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் அசைவுகளும் வேண்டும். எலும்பை மறக்காதீர்கள். மளமளவென்று உயரும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் எலும்பின் நிறையில் ஏறத்தாழ கால் பங்கு சேர்கிறது. ஓடினாலும் குதித்தாலும் எலும்பு கெட்டிப்படும். படுக்கையில் கிடந்தால் அது நடக்காது.

தசையின் பலன் இரண்டு நாள்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஞாயிறு நடந்தது செவ்வாய்க்கிழமைக்குள் கரைந்துவிடும். செவ்வாய் அல்லது புதன் ஒரு பந்து விளையாட்டு, வியாழன் அல்லது வெள்ளி ஒரு சைக்கிள் சவாரி என்று இடைவெளியை நிரப்புங்கள். வார இறுதி தொடக்கமாக இருக்கட்டும்.

நம்மூரில் இடமா இல்லை?

நகரத்தார் 60 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு வந்து நடக்கிற இடம் நம் வாசலில் இருக்கிறது. புக்கிட் மலாவத்தி. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை அங்கே இருந்தது. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. வார இறுதியில் மேலே போக டிராம் உண்டு. அதைத் தாத்தா பாட்டிக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் விட்டுவிட்டு நீங்கள் நடந்து ஏறுங்கள்.

மேலே வெள்ளி நிற இலைக்குரங்குகளைப் பார்ப்பீர்கள். கருஞ்சாம்பல் தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி இருந்தால் வியக்காதீர்கள், பிறக்கும்போது அவற்றின் நிறமே அதுதான். அவற்றின் இரைப்பை, இலைகளை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைக்கும் பல அறைகள் கொண்டது. ரொட்டியும் இனிப்பும் அதற்கு ஒத்துவராது, ஆகவே கொடுக்காதீர்கள். அந்த வயிறு இலைக்கு ஏற்பட்டது. நம் உடல் நடப்பதற்கு ஏற்பட்டது.

குன்றின் அடிவாரத்தில் 1987இல் தொடங்கிய கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. சதுப்புநிலக் காடும் பறவைகளும் அங்கே உண்டு. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் இருப்பவர்களுக்கு வாய்க்கால் ஓரத்து வயல் சாலைகள் சைக்கிளுக்குத் தோதானவை. தலைக்கவசம் மட்டும் மறக்க வேண்டாம். காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நம் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் சூடு தணியாது. புகைமூட்ட நாளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யுங்கள்.

பெரியவர்களுக்கும் இரண்டு வார்த்தை

இந்தப் பக்கத்தைப் பெற்றோரிடமும் காட்டுங்கள். எஸ்.பி.எம். ஆண்டு வந்துவிட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு, சனியும் ஞாயிறும் காலை முதல் டியூஷன் என்பது பல வீடுகளில் சட்டமாகிவிட்டது. அமெரிக்காவில் 7 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள் 221 பேரை வைத்து நடத்திய சோதனை 2014இல் வெளிவந்தது. பள்ளி முடிந்ததும் ஒன்பது மாதங்கள் உடற்பயிற்சி செய்த பிள்ளைகளுக்கு, கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டது. அவர்கள் உங்களைவிடச் சிறியவர்கள்தான். ஆனாலும் விளையாட்டு படிப்பின் எதிரி என்ற எண்ணத்துக்கு ஆதாரம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டியூஷன் பத்தரை மணிக்குத் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. உலகளவில் 11 முதல் 17 வயது வரையுள்ள பையன்களில் 78 விழுக்காட்டினரும், பெண்பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் போதிய அளவு உடல் அசைவதில்லை என்று 2016ஆம் ஆண்டின் தரவுகள் காட்டின. பெண்கள் பின்தங்குவது சோம்பலால் அல்ல. ஞாயிறு காலையில் அண்ணனுக்குத் திடல், தங்கைக்கு அடுக்களை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். பாத்திரத்தை அண்ணனும் தேய்க்கட்டும். இருவரும் ஒன்றாகக் குன்று ஏறட்டும்.

நகராண்மைக் கழகத்திடமும் ஒன்று கேட்கலாம். கொலம்பியாவின் பொகோத்தா நகரம் 1974இல் ஞாயிறு காலைச் சாலைகளை மக்களுக்குத் திறந்துவிடத் தொடங்கியது. இன்று 120 கிலோமீட்டருக்கும் மேல் அப்படித் திறக்கிறார்கள். நமக்கு இரண்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் போதும். பள்ளியின் அறிவியல் கழகம் சார்பில் ஒரு கடிதம் எழுதலாமே.

இந்த ஞாயிறே ஒரு சோதனை

நண்பர்கள் நால்வர், பெரியவர் ஒருவர், ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு. போகுமுன் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும். அடிவாரத்தில் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் ஏறுங்கள். உச்சியில் மறுபடி எண்ணுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு வலித்தாலும் தலை சுற்றினாலும் உடனே நிறுத்துங்கள்.

எட்டு வாரம் தொடர்ந்து செய்து, வார நாள்களிலும் இடைவெளியை நிரப்பினால், அதே குன்றை அதே வேகத்தில் ஏறும்போது துடிப்பு குறைந்திருப்பதைப் பெரும்பாலோர் காண்பீர்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் கூடுதல் இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொண்டது என்று பொருள். எண்களை வரைபடமாக்கி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு இறங்கி வந்து, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பசியாறுங்கள்.