பச்சை குத்திய கை சாட்சியாகுமா?

குற்றக் கும்பல்களை அடக்குவது அரசின் கடமை. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், இன்னார் கும்பலைச் சேர்ந்தவர் என்று தீர்மானிப்பது யார்?

1798 ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய பகைநாட்டு அந்நியர் சட்டம் போர்க்காலத்துக்கென எழுந்தது. 1812 ஆம் ஆண்டுப் போரிலும் இரு உலகப் போர்களிலுமே அது முன்னர்க் கையாளப்பட்டது. 2025 மார்ச்சிலோ, ‘திரென் தெ அராகுவா’ என்னும் கும்பலைச் சேர்ந்தோர் எனக் கூறி, நூற்றுக்கு மேற்பட்ட வெனிசுவேலரை அச்சட்டத்தின் பேரில் எல் சல்வடோர் நாட்டுப் பெருஞ்சிறைக்கு அனுப்பினர். விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. உடலிற் குத்திய பச்சையும் கும்பலின் அடையாளமாக எண்ணப்பட்டது. பெற்றோரை நினைந்து குத்திய பச்சையையும் கும்பலின் குறியையும் வேறுபடுத்திக் காணவேண்டியது அதிகாரியின் கண்ணா, நீதிமன்றத்தின் விசாரணையா?

இச்சட்டத்தின்படி வெளியேற்றப்படுவோருக்கு முன்னறிவித்தலும் வழக்காடக் காலமும் அளித்தல் வேண்டுமென, ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதித்தது. அதற்கு முன்னரே சிறை சென்றோர், யூலையிற் கைதிகள் பரிமாற்றத்தின் மூலமே தாயகம் திரும்பினர்.

குடியுரிமை இல்லாதவனுக்கு ஒரு நாட்டில் வாழும் உரிமை இல்லாமற் போகலாம். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் உரிமை இல்லாமற் போகலாகாது. குற்றவாளியையும் குற்றமற்றவனையும் பிரித்தறியாமல் ஒரே விமானத்தில் ஏற்றும் நாடு, தன் சட்டத்தையே நாடு கடத்துகின்றது.