சினைமீனுக்கு வழி விடுக!

ஆற்றில் இத்தனை நூறாயிரம் மீன்குஞ்சுகள் விடப்பட்டன என்று ஆண்டுதோறும் செய்தி வருகின்றது. குடத்தைக் கவிழ்க்கும் ஒளிப்படமும் உடன் வருகின்றது. விடப்பட்டவை எந்த மீனின் குஞ்சுகள், அவற்றுள் எத்தனை பிழைத்தன, அவ்வாற்றில் முன்பிருந்த மீன் என்னாயிற்று என்று கேட்பார் இலர். குஞ்சை எண்ணிய கணக்கு ஏட்டில் உண்டு. தாயை இழந்த கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

காவிரியைக் காண்க. கருமுழிக் கெண்டையும் வெண்கெண்டையும் அவ்வாற்றின் பழங்குடிகள். புதுவெள்ளம் வந்ததும் சினைமீன் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும்; கரைவழிந்து பரந்த ஆழமற்ற நீரில் முட்டையிடும். 1934இல் மேட்டூரணை எழுந்தது. உழவுக்கு அணை வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், மீன் ஏறுதற்கும் ஒரு வழி வேண்டும் என்பதை எண்ணினாரும் இலர். வெள்ளம் அடங்கியது, வழி அடைபட்டது. கடலினின்று காவிரியில் ஏறி முட்டையிட்டு வந்த உள்ளமீன் அருகியது. கருமுழிக் கெண்டை குறைந்தது. வடபுலத்து ஆறுகளினின்று கொணர்ந்துவிட்ட கட்லாவும் உரோகுவும் அவ்விடத்தைப் பிடித்தன.

முதுகில் திமிலுடைய பெருங்கெண்டையின் நிலை இதனினும் கொடிது. காவிரிப் படுகையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத மீன் அது. ஐம்பது கிலோவுக்கும் மேல் எடையுற வளர்வது. ஆங்கிலர் தூண்டிலிட்டு வியந்து எழுதிய அம்மீனுக்கு அறிவியற்பெயர் உறுதிப்பட்டதே 2018இல்தான். அதே ஆண்டில், அஃது அழிவின் விளிம்பில் நிற்பதென உலக இயற்கைக் காப்பு ஒன்றியம் பட்டியலிட்டது. பெயரிடும் நாளும் பாடை கட்டும் நாளும் ஒன்றாயின! மராட்டியத்து உலோனாவாலாவில் பெருக்கப்பட்ட நீலத்துடுப்புக் கெண்டையை 1970களுக்குப் பின்னர்க் காவிரியில் விட்டமை இதற்கொரு கரணியம். மீன்வளம் காக்கவென்றே விட்டனர். அந்த நன்னோக்கமே ஆற்றுக்குரிய மீனை ஓரங்கட்டியது.

ஏரி குளங்களின் நிலையும் இதுவே. 1952இல் இந்தியாவுக்குள் கொணரப்பட்ட திலாப்பியா, ஊரார் வழக்கில் சிலேபி, ஆண்டுக்குப் பன்முறை ஈன்று குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காப்பது. 1959இலேயே அதனைப் பரப்பலாகாதென்று தடுத்தும், இன்று அஃது இல்லாத குளம் அரிது. ஆப்பிரிக்கக் கெளிற்றை நடுவணரசு 1997இல் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் கமுக்கமாக வளர்க்கின்றனர். அது காற்றை இழுத்து மூச்சுவிடும். ஈரமண்ணிலும் ஊர்ந்து செல்லும். கண்ணிற் பட்டதை விழுங்கும். மழைவெள்ளத்தில் குட்டையினின்று தப்பினால், அயிரையும் குரவையும் ஆரலும் எங்கே ஒதுங்கும்?

“அயல்மீன் விரைந்து வளர்கின்றது; ஏழைக்கு மலிவாக ஊன் கிடைக்கின்றது; நாட்டு மீனென்று அழுவானேன்?” என்பார் உளர். ஏழைக்கு மீன் வேண்டும் என்பது மெய்யே. கரைகட்டிய பண்ணைக்குட்டையில் இசைவு பெற்று வளர்க்கும் கட்லாவை எவரும் பழிக்கவில்லை. ஆறும் ஊரேரியும் பண்ணைக்குட்டை அல்ல என்பதே வழக்கு. அயிரையும் குரவையும் குஞ்சுக்கும் தீனிக்கும் காசு கேளாமல், மழை பெய்த மட்டில் தாமே பெருகி ஏழையின் சட்டிக்கு வந்தவை. குத்தகைக்காரனின் பெருமீனோ சரக்குந்தில் ஏறி நகரத்து அங்காடிக்குச் செல்கின்றது. ஏழையின் பெயரால் ஏழையின் மீனைப் பறிப்பது எவ்வகை நயன்மை?

அறிவியல் போதாதென்பதும் பொருந்தாது. தேங்குநீரில் முட்டையிடாத கெண்டைகளை, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழி ஏற்றி ஈனச் செய்யலாம் என்று 1957 சூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் அறிஞர் ஈராலால் சௌதுரி மெய்ப்பித்தார். கங்கைக் கெண்டையைப் பெருக்கிய அவ்வறிவு காவிரிக் கெண்டைக்கு மட்டும் ஆகாதா? அண்மையாண்டுகளில் நாட்டுக் கெண்டைக் குஞ்சுகளையும் ஆற்றில் விடத் தொடங்கியுள்ளனர். நன்று, ஆனால் ஏறும் வழியும் தூய நீரும் இல்லாத ஆற்றில் அக்குஞ்சும் ஒருநாள் காட்சியே.

சட்டமும் புதிதாக வேண்டுவதன்று. 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே நஞ்சிடுதலையும் வெடிவைத்தலையும் குற்றமென்றது. வலைக்கண்ணின் அளவை வகுக்கவும், குறித்த நீர்நிலையில் ஈராண்டு வரை மீன்பிடியைத் தடுக்கவும் அரசுக்கு இசைவளித்தது. கீழைக் கடலில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் ஓய்கின்றன. ஆடிப் பெருக்கில் ஆற்றிலும் ஐப்பசி அடைமழையில் ஏரியிலும் ஏறும் சினைமீனுக்கு அத்தகைய ஓய்வு ஊர்தோறும் உண்டா? கடலுக்கொரு நெறி, ஆற்றுக்கொரு நெறியா?

அரசை மட்டும் குறைகூறித் தப்பவும் இயலாது. மடைவாயில் பறியை வைத்தும் வயலில் ஊத்தாவைக் கவிழ்த்தும் ஏற்றுமீனை வாரி அள்ளுவோர் அயலாரல்லர். ஒரு சினைமீனைக் கொல்வோன் ஓராயிரம் குஞ்சைக் கொல்கின்றான். ஓராண்டுக் குத்தகை எடுத்தவன் அடுத்த ஆண்டின் மீனை எண்ணமாட்டான். ஆதலின் குத்தகை, நீரை நம்பி வாழும் உள்ளூர் மீனவர் கூட்டுறவுக்கு நெடுங்காலத்துக்கு வழங்கப்படுக. கோடையிலும் ஏரியின் ஆழ்குழி வற்ற இறைக்கப்படாதிருக்க. அணைதோறும் மீன் ஏறும் வழி ஆராயப்படுக. ஏறும் பருவத்தில் வலை உறங்குக.

மீன் மறைந்தபின் அதன் பெயர் அகரமுதலியில் மட்டும் கிடக்கும். வரும் தலைமுறை கருமுழிக் கெண்டையை ஏட்டில் படிப்பதா, ஆற்றில் காண்பதா? முடிவு இந்தத் தலைமுறையின் கையில்தான் உள்ளது. சினைமீனுக்கு வழி விடுக!