நேற்று வந்தவன்

நட்பு என்று சர்ச்சில் பேச்செடுத்தாலே தாவீதும் யோனத்தானும்தான். யோனத்தானைக் குறைத்துச் சொல்லவில்லை. சொந்த அப்பா சவுல் தன் மேலேயே ஈட்டியை எறிந்த பிறகும் நண்பனைத் தப்பவிட்டவர் அவர். ஆனால் வெளியூரில் பிழைக்கிற நமக்கு, என்னைக் கேட்டால், ஈத்தாய்தான் பொருத்தமான ஆள்.

யார் அந்த ஈத்தாய் என்கிறீர்களா? 2 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெற்ற மகன் அப்சலோமே கலகம் செய்ய, தாவீது எருசலேமை விட்டு ஓடுகிறார். ஆலோசகர் அகித்தோப்பேல், சொந்த ஜனம், மகன் பக்கம் சாய்ந்துவிட்டார். ராஜாவோடு கிளம்பியவர்களில் 600 பேர் காத் ஊர்க்காரர்கள். கோலியாத்தின் ஊர்! அந்தக் காத்திலிருந்து வந்தவர்தான் ஈத்தாய்.

தாவீது அவரைத் தடுக்கிறார். நீ அந்நியன், வந்ததே நேற்று, நான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது, திரும்பிப் போய் புது ராஜாவோடு இரு என்கிறார். நியாயமான பேச்சு. போயிருந்தால் ஒருத்தரும் குறை சொல்லியிருக்க முடியாது. செத்தாலும் பிழைத்தாலும் உங்களோடுதான் என்று ஈத்தாய் ஆணையிட்டுவிட்டார். அதுவும் தனி ஆளாக இல்லை, குழந்தை குட்டிகளோடு. வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன் :)

ஜாமீன் கையெழுத்து போடாதே என்று இதே பைபிளில் நீதிமொழிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பேங்க்காரன் என்ற முறையில் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஈத்தாய் ஜாமீன் வைத்தது பணத்தை அல்ல, குடும்பத்தை.

கூடவே போவதுதான் விசுவாசம் என்றும் சொல்ல வரவில்லை. ஊசாயை ராஜாவே நகரத்துக்குத் திருப்பி அனுப்பினார். அகித்தோப்பேலின் யோசனையைக் கவிழ்த்தது அவர்தான்.

பிறகு யுத்தம் வந்தபோது தாவீது படையை மூன்றாகப் பிரிக்கிறார். ஒன்று யோவாபுக்கு, ஒன்று அபிசாய்க்கு. மூன்றாவது, நேற்று வந்தவருக்கு!

இங்கே புனேயில் நம்மவர்கள் கூடினால், ஆபத்து என்றால் நம்ம ஊர் ஆட்கள்தான் வருவார்கள் என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில், எங்கள் பில்டிங்கில் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு மூச்சுத்திணறல். ஆக்சிஜன் சிலிண்டருக்காக ராத்திரி முழுக்க ஸ்கூட்டரில் அலைந்தவர், மேல்மாடிக்குக் குடிவந்து இரண்டு மாதமே ஆன ஒரு ஒடிசாக்காரர். அவர் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது.