பழிப்பதற்கு இதில் ஏதுமில்லை



உணவுக்குழாயில் புற்றுநோய் என்றதும், "அது பரம்பரை நோய், அவ்வீட்டில் சம்பந்தம் வேண்டாம்" என்று ஒதுங்குவோர் நம்மிடையே உண்டு. அதற்கஞ்சி நோயை மறைப்போரும் உண்டு.

மரபணு மாற்றத்தால் இந்நோய் உண்டாவது உண்மையே. ஆயினும் அம்மாற்றம் பெரும்பாலும் பெற்றோர்வழி வந்ததன்று. புகையிலை, பாக்கு, மது போன்றவற்றால் வாழ்நாளில் அக்குழாயின் செல்களில் நேர்வதே மிகுதி. செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிபி53 என்னும் மரபணு பெரும்பாலான கட்டிகளில் பழுதுற்றிருக்கிறது. இவ்வாறு கட்டியில் நேர்ந்த பழுது பிள்ளைகளைச் சென்றடைவதில்லை.

அம்மாற்றமே சிலருக்கு மருந்தின் வழியையும் காட்டுகிறது. குழாய் இரைப்பையோடு கூடுமிடத்தில் தோன்றும் சுரப்பிவகைப் புற்றில், சிலருக்கு ஹெர்2 என்னும் புரதம் மிகுந்திருக்கும். அதனைப் பற்றித் தடுக்கும் டிராஸ்டுசுமாப், கீமோதெரபியுடன் சேரும்போது முற்றிய நோயாளரின் ஆயுளை நீட்டுவதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் மிகுந்து காணப்படும் செதிள்வகைக்கு இம்மருந்து பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே திசுப் பரிசோதனையே முதற்படி.

நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, உடன்பிறந்தவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் மறைக்கவில்லை. அவரது முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

விழுங்குகையில் உணவு தடைபட்டால், கஞ்சிக்கு மாறி நாள் கடத்தாதீர்கள். உடனே எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள்.