வலப்பக்கத்து ஆசனம்

இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "தம்பி, நான் விமானம் ஓட்டுகிறவன், எழுத்தாளன் அல்லன்" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். "அதைப் பற்றியே எழுதுங்கள், ஐயா" என்றார். ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டுப் போகிற பழைய மாணவன் நான். கடனைத் தீர்க்கத்தானே வேண்டும்?

19 ஆண்டுகள் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். 47-ஆம் வயதில் அதை விட்டு, வாடகை விமானம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். உற்றார் உறவினர் உடனே இரு கட்சியாகப் பிரிந்தனர். "இந்த வயதில் இது எதற்கு?" என்றது ஒரு கட்சி. "அப்பாடா, ஒருவழியாக உருப்பட்டான்!" என்றது மற்றொன்று. இரு கட்சியும் தவறு என்பேன்; இரண்டாவதன் தவறு பெரிது.

முதற் கட்சிக்கு விடை எளிது. இரு விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம் என்பது பன்னாட்டு விதி. 47-இல் தொடங்குகிறவனுக்கும் 18 ஆண்டுகள் இருக்கின்றன. மருத்துவர் சம்மதித்தால் போதும்.

இரண்டாவது கட்சியோ, கற்பிக்கும் தொழிலை ஏணிப்படி என்று எண்ணுகிறது. ஏறிவிட்டால் உதைத்துவிடலாம் அல்லவா? அமெரிக்காவில் 2013 முதல் விமானக் கம்பெனிகளில் துணை விமானியாகவே சேர்வதற்கும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகவே நேற்று உரிமம் பெற்ற இளைஞர் இன்று ஆசிரியராகிறார். மணிக்கணக்கு நிரம்பியதும் போய்விடுகிறார். எல்லோரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கண் குறிப்பேட்டில் இருக்கும்போது மாணவனை யார் பார்ப்பது?

இப்படி நீதி பேசுகிற எனக்கும் ஒரு கர்வம் இருந்தது. என் குறிப்பேட்டில் 6,000 மணிக்கு மேல் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் என்ன? பெரும்பாலும் ஒரே ஓடுதளத்தை 1,000 அடி உயரத்தில் சுற்றிச் சுற்றி வந்தவை. ஒற்றை இயந்திரமும் நான்கு ஆசனமும் கொண்ட செஸ்னா 172-இல், நல்ல வெயிலில், பகல் வேளையில். செக்குமாடு நடந்த தூரத்தைக் கூட்டினால் காசிக்கே போய் வந்திருக்கலாம். ஆனால் அது காசியைக் கண்டதில்லை.

புதிய இடத்தில் எனக்குக் கிடைத்தது கிங் ஏர். இரண்டு டர்பைன் இயந்திரங்கள். செஸ்னாவைப்போல் இரு மடங்குக்கு மேல் வேகம். நாம் ஓர் ஊரை நினைப்பதற்குள் அது அந்த ஊரைத் தாண்டிவிடும். என் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்த அதே மேசையில் எதிரே அமர்ந்து நானும் படித்தேன். அவள் என்னைவிட நல்ல மதிப்பெண் பெற்றாள் என்பதோடு அப்பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

படிப்பு கடினமன்று, ஆசனந்தான் கடினம். பயிற்சி விமானத்தில் மாணவன் இடப்பக்கம், ஆசிரியர் வலப்பக்கம். பெரிய விமானத்தில் காப்டன் இடப்பக்கம், துணை விமானி வலப்பக்கம். ஆக, 19 ஆண்டுகள் உட்கார்ந்த அதே வலப்பக்கத்திலேயே மறுபடியும் உட்கார்ந்தேன். அன்று அது குருபீடம். இன்று அது உதவியாளர் நாற்காலி. இடப்பக்கம் இருந்த காப்டனுக்கு வயது 29. அவர் என் மாணவர்!

முதல் மாதத்தில் ஒருநாள் தரையிறங்கும்போது விமானம் சற்றே தாழ்ந்தது. நான் வாய் திறக்கவில்லை. என் கை தானாகவே கட்டுப்பாட்டுக்குப் போயிற்று. "சார், விமானம் என் கையில் இருக்கிறது" என்றார் அவர், மிக மெதுவாக. கையை எடுத்துக்கொண்டேன். காது சுட்டது. துணை விமானி குறையைக் கண்டால் சொல்ல வேண்டும், பிடுங்கலாகாது. நானோ சொல்லவேண்டியதைச் சொல்லாமல், செய்யக்கூடாததைச் செய்தேன்.

அன்றிரவு டெனெரிஃப் விபத்தை நினைத்துக்கொண்டேன். 1977 மார்ச் 27 அன்று மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் மாண்டனர். அனுமதி கிடைக்குமுன்பே விமானத்தைக் கிளப்பிய காப்டன் யார் தெரியுமா? அந்த நிறுவனத்தின் பயிற்சித் தலைவர்! பாவனை விமானத்தில் கற்பிக்கும் ஆசிரியர், புறப்படும் அனுமதியைத் தாமே கொடுத்துக்கொள்வது வழக்கம் என்று விசாரணை அறிக்கை சுட்டிக் காட்டியது. எதிர் விமானம் விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் கேட்ட ஐயமும் எடுபடவில்லை. நெடுநாள் ஆசிரியனாக இருந்தவன் அஞ்சவேண்டியது தன் வயதை அன்று, இந்தப் பழக்கத்தைத்தான்.

ஆனாலும் ஆசிரியத் தொழிலில் கற்ற ஒன்றை நான் விடப்போவதில்லை. அது "இன்று இல்லை" என்று சொல்வது. வாடகை விமானத்தில் பணம் கொடுத்தவர் நம் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முகூர்த்தம் இருக்கும், கூட்டம் இருக்கும். சில வேளை மூச்சுத் திணறும் நோயாளியே இருப்பார். 2011 மே மாதம் பாட்னாவிலிருந்து டில்லிக்கு நோயாளியை ஏற்றிவந்த விமானம் இரவில் புயற்காற்றில் சிக்கி ஃபரீதாபாத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 7 பேரும், தரையிலிருந்த 3 பேரும் இறந்தனர்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை, வடநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பனி. பெரிய மனிதர் ஒருவர் மகளின் நிச்சயதார்த்தத்திற்குப் போகவேண்டும். நிறுவனத்திலிருந்து இரு முறை தொலைபேசி வந்தது. காப்டன் என்னைப் பார்த்தார். "காப்டன், போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம், முடிவு உங்களுடையது" என்றேன். அவர் இறங்கிச் சென்று பயணியிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் பேசிய பேச்சை இம்மலரில் அச்சிட முடியாது.

பதினொரு மணிக்கு வானம் துடைத்த கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. பயணி அதற்குள் காரில் போய்விட்டார். வெற்று விமானத்தின் படியில் அமர்ந்து நாங்கள் இருவரும் தேநீர் அருந்தினோம். காப்டன் தம்மிடமிருந்த பிஸ்கோத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார்.